பிளேட்லெட் 0.42-ஐ 4.2 என்று அடித்துவிட்டோம்: லேப் ரிப்போர்ட்டுக்குத் திறமூல மென்பொருள் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லேப்காரன் | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம் மக்களே. இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல் பதிவு. தேனிப் பக்கம் சின்ன லேப். நான், ரெண்டு டெக்னீஷியன் பொண்ணுங்க, பில் போட ஒரு தம்பி. நாளைக்கு எழுபது எண்பது சாம்பிள், காய்ச்சல் சீசன்ல நூத்தைம்பதைத் தாண்டும். ரத்த அணுவை எண்ணுற ஒரு த்ரீ பார்ட் செல் கவுன்ட்டர், ஒரு செமி ஆட்டோ பயோகெமிஸ்ட்ரி மெஷின். பேத்தாலஜிஸ்ட் மேடம் சாயங்காலம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க. ரிப்போர்ட் எல்லாம் வேர்டுலதான். பழைய ஆளோட ஃபைலைத் திறந்து, பேரை மாத்தி, நம்பரை மாத்தி, பிரிண்ட்.

போன வாரம் எட்டு வயசுப் பையன், டெங்கு. மெஷின் சீட்டுல பிளேட்லெட் 42. அதாவது 42 ஆயிரம். நம்ம ஊர் டாக்டருங்களுக்கு லட்சத்துல எழுதினாத்தான் பிடிக்கும், அப்போ 0.42 லட்சம். எங்க பொண்ணு அவசரத்துல 4.2 லட்சம்னு அடிச்சிருச்சு. நானும் பார்த்தேன், கண்ணுல படலை. அவசரம்னு மேடம் வர்றதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்புல போயிருச்சு. நல்லவேளை, அந்த டாக்டர் போன் போட்டு, "நேத்து உங்க லேப்லயே 90 ஆயிரம், இன்னைக்கு நாலு லட்சமா? சீட்டை எடுத்துப் பாருய்யா"ன்னார். பையனை அன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க, இப்ப நல்லா இருக்கான். எனக்கு இன்னும் தூக்கம் வரலை.

இதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் வச்சிருந்தோம். வருசா வருசம் ஏஎம்சி (பராமரிப்புக் காசு) கட்டணும். நிறுத்தினதும் பழைய ரிப்போர்ட்டைக்கூடத் திறக்க முடியலை, பாஸ்வேர்டு அவங்க கையில. அதான் ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது கிடைக்குமான்னு கேக்கிறேன். எனக்கு கோடிங் தெரியாது. தங்கச்சி பையன் இன்ஜினியரிங் மூணாவது வருசம், அவன் உதவுவான்.

---

பைத்தான் பித்தன் | ஞாயிறு, இரவு 10:50

அண்ணா, மறைக்காம எழுதினதுக்கே ஒரு கும்பிடு. பல பேர் இதை மூடித்தான் வைப்பாங்க.

எனக்குத் தெரிஞ்சதைக் கொட்டிடறேன். கட்டற்ற மென்பொருள்ல லேப்புக்குன்னு உருப்படியா இருக்கிறது நாலைஞ்சுதான்.

செனைட். தென்னாப்பிரிக்காவுல தொடங்கின பிக்கா லிம்ஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது. பைத்தான் நிரல்மொழி, ப்ளோன்ங்கிற மென்பொருள் மேல ஓடும். ஜிபிஎல்ங்கிற கட்டற்ற உரிமம். தண்ணி டெஸ்ட் பண்ற லேப், உணவு லேப் எல்லாம் மனசுல வச்சுக் கட்டினது. நோயாளிக்குன்னு தனிச் செருகல் போடணும். ஆனா ரிசல்ட்டை யார் போட்டா, யார் சரிபார்த்தா, எப்ப மாத்தினாங்கன்னு தடம் வைக்கிறதுல கெட்டி. டேட்டாபேஸ் மட்டும் வழக்கமான எஸ்க்யூஎல் கிடையாது. மாசக் கடைசியில "எத்தனை சிபிசி (ரத்த அணு டெஸ்ட்) பார்த்தோம்"னு ஒரு வரியில கேக்க முடியாம முழிப்பீங்க.

ஓப்பன் எலிஸ் குளோபல். அமெரிக்கப் பொதுச் சுகாதார லேப்களுக்காக ஆரம்பிச்சது, அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆட்கள் எடுத்து வளர்த்தாங்க. ஹைட்டி, ஐவரி கோஸ்ட், மொரீஷியஸ்ல எல்லாம் ஓடுது. ஜாவா நிரல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மருத்துவ லேப்புக்கே செஞ்சது.

பிலிஸ். ஜார்ஜியா டெக்ல 'கம்ப்யூட்டிங் ஃபார் குட்'னு ஒரு குழு செஞ்சது. கேமரூன், கானா மாதிரி இடங்கள்ல இன்டர்நெட் இல்லாமலே ஓடணும்னு எழுதினது. எளிமையா இருக்கும், அதே அளவுக்குப் பழசாவும் இருக்கும்.

குனு ஹெல்த்துலயும் லேப் பகுதி உண்டு. ஆனா ஒரு லேப்புக்காக மொத்த ஆஸ்பத்திரியையே நிறுவுறது, டீ குடிக்க மாடு வாங்குற கதை.

உங்க அளவுக்கு நான் ஓப்பன் எலிஸ், இல்லேன்னா செனைட்னு சொல்வேன்.

---

டாக்டர்_ஸ்மியர் | திங்கள், காலை 6:35

நான் பேத்தாலஜிஸ்ட். பித்தன் மென்பொருளில் ஆரம்பித்துவிட்டார், நான் தவறில் ஆரம்பிக்கிறேன்.

உங்கள் லேப்பில் நடந்தது தட்டச்சுப் பிழை இல்லை. இயந்திரம் ஒரு அலகில் சொல்கிறது, தாள் இன்னொரு அலகில் கேட்கிறது, நடுவில் ஒரு பெண் நூற்றைம்பது தடவை மனதுக்குள் நூறால் வகுக்கிறாள். அவள் ஒரு தடவை தவறியதுதான் உங்களுக்குத் தெரியும். மற்ற தவறுகளை எந்த டாக்டரும் போன் செய்து சொல்லியிருக்க மாட்டார். 1.8 லட்சம் 2.8 லட்சமானால் யாருக்கும் உறைக்காது.

ஆகவே எந்த மென்பொருள் என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. மெஷினில் வந்த எண்ணைத் திரும்ப ஒரு மனிதர் அடிக்கிறாரா, இல்லையா? அடிக்கிறார் என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது அழகான வேர்டு ஃபைல்தான்.

இன்னொன்று. பிளேட்லெட் குறைவாக வந்தால் எண் சரியாக ஏறினாலும் அப்படியே அனுப்பக் கூடாது. சிலருடைய ரத்தத்தில் இடிடிஏ (ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) டியூபிலேயே பிளேட்லெட் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கட்டிகளை எண்ணாமல் விட்டுவிட்டு 30 ஆயிரம் என்று சொல்லும். ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு துளியைக் கண்ணாடியில் பூசி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் வேறு மருந்துள்ள சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள். "ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் ஸ்மியர் பார்த்ததாகக் குறிக்கும்வரை ரிப்போர்ட்டை வெளியே விடாதே" என்று மென்பொருளில் ஒரு விதி எழுத முடியுமா? முடியும் என்றால் அதை வாங்குங்கள், அல்லது இலவசமாக எடுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

---

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 9:20

எதுக்கு இவ்வளவு? ஒரு எக்செல் ஷீட், நாலு ஃபார்முலா. 42-ஐ அடிச்சா 0.42 தானா வரும். சாதாரண அளவை விட்டு வெளியே போனா சிவப்புல காட்டும். எங்க மாமா லேப்ல அஞ்சு வருசமா அப்படித்தான் ஓடுது. செலவு பூஜ்யம்.

---

பைத்தான் பித்தன் | திங்கள், காலை 9:41

> ஒரு எக்செல் ஷீட், நாலு ஃபார்முலா

கணக்கரே, 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? பொதுச் சுகாதாரத் துறை, லேப்ல இருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்துல ஏத்தினாங்க. அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதுக்கு மேல வந்தது சத்தமில்லாமக் கீழே விழுந்துருச்சு. 15,841 பாசிட்டிவ் ஆட்கள் கணக்குலயே வரலை, அவங்களோட பழகினவங்களைத் தேடுறதும் தள்ளிப்போச்சு. ஒரு பிழைச் செய்திகூட வரலை, அதுதான் கொடுமை.

உங்க மாமா லேப்ல அவ்வளவு வரிசை வராது, சரி. ஆனா யாரோ ஒருத்தர் ஃபார்முலா இருக்கிற கட்டத்து மேல நம்பரை அடிச்சிட்டா? அஞ்சு வருசத்துல யாருமே அடிச்சிருக்க மாட்டாங்களா?

---

கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 10:05

அதுக்கு ஷீட்டை லாக் பண்ணணும் தம்பி. சரி, சண்டை வேண்டாம். எங்க மாமாகிட்டயும் கேட்டுச் சொல்றேன்.

---

யாழ்_எம்எல்டி | திங்கள், பிற்பகல் 1:15

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஒரு ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன். லட்சத்தில பிளேட்லெட் எழுதுறது எண்டதை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், மன்னிக்கோணும், கொஞ்சம் சிரிச்சும் போட்டன். எங்கட இடத்தில மெஷின் குடுக்கிற மாதிரியே ஆயிரத்தில எழுதி விடுவம். டெங்கு இஞ்சயும் தாராளம்.

ஆனா சிரிக்க எங்களுக்கும் உரிமை இல்லை. கிட்னிக்குப் பாக்கிற கிரியேட்டினினை நாங்கள் மைக்ரோமோலில குடுப்பம். சென்னையில போய்ப் பாத்திட்டு வாற ஆக்கள் மில்லிகிராமில கொண்டு வருவினம். அங்க 1.2, இஞ்ச 106. ரெண்டும் ஒண்டுதான், 88.4-ஆல பெருக்கினாச் சரி. ஆனா ரெண்டு தாளையும் பக்கத்தில வச்சுப் பாத்த ஒரு ஐயா, கிட்னி போட்டுது எண்டு அழுதே போட்டார்.

லேப்காரன் அண்ணை, நீங்கள் எந்த மென்பொருள் எடுத்தாலும் முதல் கிழமை ஒண்டும் நிறுவாதேங்கோ. ஒரு கொப்பியில உங்கட எல்லாப் பரிசோதனையையும் எழுதுங்கோ: பேர், எந்தச் சாம்பிள் (சீரமா, பிளாஸ்மாவா), அலகு, எத்தனை தசம இடம், வயதுக்கும் ஆணா பெண்ணா எண்டதுக்கும் ஏத்த சாதாரண அளவு. நாங்கள் எழுதினப்பதான் "சுகர்" எண்டதுக்கு எங்களிட்ட ஆறு பேர் இருந்தது விளங்கிச்சு.

---

டாக்டர்_ஸ்மியர் | திங்கள், பிற்பகல் 2:02

யாழ் நண்பர் சொன்னது பொன். அந்தக் கொப்பியில் லாயின்க் குறியீட்டுக்கும் ஒரு பத்தி விடுங்கள். 1994-இல் அமெரிக்காவில் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் தொடங்கிய, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பொது எண் தரும் பட்டியல், இலவசம். ஹீமோகுளோபினுக்கு 718-7, சீரம் கிரியேட்டினினுக்கு 2160-0. பொதுவாகச் சர்க்கரைக்கு 2345-7, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 1558-6. இரண்டுக்கும் வேறு வேறு எண் இருப்பதைப் பார்த்தாலே ஏன் இது வேண்டும் என்று புரியும். நாளைக்கு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் பக்கம் ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டி வந்தாலும் இந்த வேலை வீண் போகாது.

---

வழிப்போக்கன்77 | திங்கள், மாலை 6:30

எல்லாம் சரிங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி சர்வர் படுத்துட்டா யாரைக் கூப்பிடுவீங்க? கிட்ஹப் தளத்துல புகார் போட்டுட்டு உக்காந்திருப்பீங்களா? ஏஎம்சிக்காரன் திட்டினாலாவது வருவான். "இலவசம்"னு நம்பி இறங்கி, கடைசியில தங்கச்சி பையன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டா, லேப்புக்குத்தான் பூட்டு.

---

லேப்காரன் | திங்கள், மாலை 7:10

> தங்கச்சி பையன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டா

இதைத்தான் என் வீட்டுக்காரம்மாவும் கேட்டுச்சு.

---

கனியாரி_ரிட்டர்ன் | திங்கள், இரவு 8:45

வழிப்போக்கன் கேட்ட கேள்வி நியாயமானது. நான் பார்த்த ஒரு இடத்தைச் சொல்கிறேன்.

சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்தில் கனியாரி என்ற ஊர். ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பு அங்கே மருத்துவமனை நடத்துகிறது. காட்டுக் கிராமங்களில் இருந்து மைல்கணக்கில் நடந்து வரும் ஆட்கள். 2013 வாக்கில் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி ஆட்கள் அங்கேதான் பஹ்ம்னியை முதலில் வைத்தார்கள். நோயாளி பதிவுக்கு ஓப்பன் எம்ஆர்எஸ், லேப்புக்கு ஓப்பன் எலிஸ், பில்லுக்கு ஓடூ என்று ஏற்கெனவே இருந்த மூன்றையும் கோர்த்த மாலைதான் பஹ்ம்னி. புதிதாக எழுதியது நார் மட்டும் என்றுகூடச் சொல்லலாம். டாக்டர் திரையில் டெஸ்ட்டைத் தேர்ந்தால் லேப்பில் ஆர்டர் வந்து நிற்கும், முடிவைச் சரிபார்த்ததும் டாக்டர் திரைக்கே திரும்பிப் போகும். நடுவில் சீட்டு இல்லை.

நான் கொஞ்ச நாள் தன்னார்வலராக அங்கே போயிருந்தேன். இஞ்சினியர் கூட்டம் என்று எதுவும் இல்லை. பேக்கப் எடுக்கவும், மறுபடி ஏற்றவும், சர்வரை அணைத்துப் போடவும் உள்ளூர் ஆட்களுக்கே பழக்கம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, இந்தியில், பெரிய எழுத்தில்.

ஆகவே இலவசம் என்பதை மறந்துவிடுங்கள். ஏஎம்சிக்குக் கட்டின பணத்தைப் பக்கத்து ஊரில் லினக்ஸ் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள். அவர் போனாலும் இன்னொருவர் வந்து அதே டேட்டாபேஸைத் திறக்கலாம். பழைய கம்பெனியிடம் முடியாமல் போனது அதுதானே?

---

வழிப்போக்கன்77 | திங்கள், இரவு 9:15

ஒத்துக்கறேன், ஆனா முழுசா இல்லை. ஓப்பனா இருக்கிறது நாளைக்கும் ஓப்பனாவே இருக்கும்னு என்ன நிச்சயம்? மர்த் கனெக்ட் கதையைப் பாருங்க. ஊர்ல பாதி ஆஸ்பத்திரி மெஷினையும் சாஃப்ட்வேரையும் பேச வைக்க அதைத்தான் வச்சிருந்தது. 2025 மார்ச்ல 4.6-ல இருந்து காசு கட்டணும்னு மூடிட்டாங்க.

---

பைத்தான் பித்தன் | திங்கள், இரவு 9:32

மூடினது புதுப் பதிப்பைத்தான். 4.5.2 வரைக்கும் வெளியான மூலநிரல் வெளியானதுதான், அதைத் திரும்ப வாங்கிக்க முடியாது. ஓப்பன் இன்டக்ரேஷன் இன்ஜின்னும் பிரிட்ஜ்லிங்க்னும் உடனே ரெண்டு கிளை முளைச்சிருச்சு. மூடிய மென்பொருள்ல கம்பெனி கையை விரிச்சா, அதோட சரி. ஆனா உங்க பயம் வெறும் பயம் இல்லை, சரியாத்தான் சொல்றீங்க. எதை எடுத்தாலும் டேட்டாவை மாசம் ஒரு தடவை வெளியே எடுத்து, வேற கம்ப்யூட்டர்ல திறக்குதான்னு பார்க்கணும்.

---

லேப்காரன் | புதன், இரவு 11:00

ரெண்டு நாளா கொப்பி எழுதினோம். 94 டெஸ்ட். சுகருக்கு எங்ககிட்ட எட்டுப் பேரு, யாழ் தம்பியை ஜெயிச்சுட்டோம்.

அடுத்து மெஷின். செல் கவுன்ட்டருக்குப் பின்னாடி ஒன்பது பின் ஓட்டை இருக்கு. சர்வீஸ் இன்ஜினியர், "அது எல்ஐஎஸ், அதாவது லேப் சாஃப்ட்வேருக்கான போர்ட் சார், ஏஎஸ்டிஎம் வரும்"னார். மாப்பிள்ளை கேபிள் வாங்கிச் செருகினான். ஒண்ணும் வரலை. என்ன பண்றது?

---

பைத்தான் பித்தன் | புதன், இரவு 11:25

முதல்ல கேபிள். நேர் கேபிள் வாங்கியிருந்தா வராது. ரெண்டாம் பின்னும் மூணாம் பின்னும் குறுக்கா மாறணும், நல்-மோடம்னு கேட்டு வாங்குங்க. அப்புறம் மெஷின்லயும் கம்ப்யூட்டர்லயும் வேகம் ஒண்ணா இருக்கணும், 9600ன்னா ரெண்டுலயும் 9600.

அடுத்தது மரியாதை. ஏஎஸ்டிஎம்னா மெஷினும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற முறை, அது ரொம்ப மரியாதை பார்க்கும். மெஷின் முதல்ல ஒரே ஒரு எழுத்து அனுப்பும், "பேசலாமா?"ன்னு. நீங்க "ம், சொல்லு"ன்னு ஒரு எழுத்து திருப்பி அனுப்பணும். அனுப்பலேன்னா அது வாயே திறக்காது. உங்க மாப்பிள்ளை வெறுமனே காதை மட்டும் வச்சிருப்பான், அதான் ஒண்ணும் வரலை. சரின்னு சொன்னதும் ஒவ்வொரு சட்டமா (ஃப்ரேம்) வரும்: வரிசை எண், விஷயம், கடைசியில கூட்டுத்தொகை ரெண்டு எழுத்து. கூட்டிப் பார்த்துச் சரியா இருந்தா "சரி", இல்லேன்னா "திரும்பச் சொல்லு".

ஒரு குழி இருக்கு, நானே விழுந்தது. ஒரு சட்டத்துல 240 எழுத்துதான் கொள்ளும். நீளமா இருந்தா நடுவுல வெட்டி அடுத்த சட்டத்துல போடும். எங்கே வெட்டணும்னு அதுக்கு அறிவு கிடையாது. எனக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் 11.8-ஐ "11."னு ஒரு சட்டத்துலயும் "8"-ஐ அடுத்ததுலயும் போட்டுச்சு. நான் சட்டத்துக்குச் சட்டம் பிரிச்சு எழுதின நிரல், 11ன்னு ஏத்திருச்சு. எல்லாச் சட்டத்தையும் ஒட்டவச்ச பிறகுதான் வரியாப் பிரிக்கணும்.

முடிவு வரி 'ஆர்'னு தொடங்கும். மூணாவது கட்டத்துல டெஸ்ட், நாலாவதுல எண், அஞ்சாவதுல அலகு. அந்த அஞ்சாவது கட்டத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லாரும் நாலாவதை மட்டும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. நூறால வகுக்குறதுக்கு முன்னாடி, "அலகு நான் எதிர்பார்த்ததுதானா?"ன்னு ஒரு வரி சோதனை போடச் சொல்லுங்க மாப்பிள்ளையை. இல்லேன்னா எண்ணை ஏத்தாம நிறுத்தணும்.

---

டாக்டர்_ஸ்மியர் | வியாழன், காலை 6:50

கணக்குப் போடும் டெஸ்ட்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, நம்மில் பலர் நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறோம். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அது செல்லாது. மொத்தம் 240, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 520 என்றால் எல்டிஎல் 98 என்று வரும். பார்ப்பதற்கு எவ்வளவு நல்ல எண்! நோயாளி அதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் பரோட்டா சாப்பிடுவார்.

நான் பார்த்த ஒரு விலை கொடுத்த மென்பொருளில் இந்த வரம்பு இல்லை. சொன்னேன், "அடுத்த அப்டேட்டில்" என்றார்கள், இரண்டு வருடம் ஆயிற்று. மூலம் கையில் இருந்திருந்தால் ஒரு வரி. திறமூலம் பற்றி எனக்கு இருக்கும் ஆசை இவ்வளவுதான், மற்றபடி கொள்கைப் பற்று எதுவும் இல்லை.

---

யாழ்_எம்எல்டி | வியாழன், பிற்பகல் 12:40

ஒண்டு கேக்க மறந்திட்டன். ரிப்போர்ட்டில தமிழில குறிப்புப் போடுறதுக்கு ஆராவது பாத்தனீங்களோ? "வெறும் வயிற்றில் மீண்டும் கொடுக்கவும்" எண்டு போட்டனாங்கள், பிடிஎஃபில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டுது. "கொடுக்கவும்" எண்ட சொல்லு ஆரோ அடிச்சு முறிச்ச மாதிரி வந்துது.

---

பைத்தான் பித்தன் | வியாழன், பிற்பகல் 1:05

அது ஃபான்ட் பிரச்சினை இல்லைங்க. யூனிகோட்ல "கொ"ன்னா முதல்ல "க", அப்புறம்தான் குறி. கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் பிரிச்சு வைக்க ஒரு வடிவமைப்பு இயந்திரம் வேணும். சில பிடிஎஃப் நூலகங்கள்ல அது கிடையாது, வந்த வரிசையிலயே அச்சடிச்சிடும். வீசிபிரின்ட் மாதிரி, பாங்கோங்கிற வடிவமைப்பு இயந்திரம் வழியாப் போற நூலகத்தை எடுத்தா ஒழுங்கா வரும். செனைட்ல ரிப்போர்ட் அச்சிடுற பகுதி அதைத்தான் பயன்படுத்துது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டு நான் எடுத்துப் பார்த்தேன், "கொடுக்கவும்" முழுசா வந்துச்சு.

---

யாழ்_எம்எல்டி | வியாழன், பிற்பகல் 1:20

நன்றி தம்பி. செய்து பாக்கிறன்.

---

லேப்காரன் | ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 9:30

இழையை மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். என்ன ஆச்சுன்னு சொல்லாம விடக்கூடாதுல்ல.

செனைட் போட்டோம். தமிழ் குறிப்புக்காகத்தான், வேற பெரிய காரணம் இல்லை. பழைய ஐ-3 கம்ப்யூட்டர்ல லினக்ஸ் ஏத்தி, ரேம் மட்டும் புதுசு. பக்கத்து ஊர்ல பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கற ஒரு தம்பியை மாசச் சம்பளத்துக்குப் பேசியிருக்கோம்.

முதல் ரெண்டு வாரம் நரகம். ரிசல்ட் போட்டவங்களே சரிபார்க்க முடியாது, வேற ஆள் உள்ளே வந்து பண்ணணும். அதை மாத்திக்கலாமாம், மாப்பிள்ளை கேட்டான், வேணாம்னுட்டேன். பொண்ணுங்களுக்கு என் மேல செம கோவம், "முன்ன பத்து நிமிசத்துல போச்சு, இப்ப அரை மணி"ன்னு. வேர்டையும் சேர்த்து ஓட்டினோம், ஒரு மாசம் ரெண்டு வேலை.

செல் கவுன்ட்டர் மட்டும் இணைச்சாச்சு. பித்தன் தம்பி சொன்ன நல்-மோடம் கேபிள்தான், உடனே பேசிருச்சு. டியூபுல பார்கோடு ஒட்டறோம். பயோகெமிஸ்ட்ரி மெஷின்ல போர்ட்டே இல்லை, அது இன்னும் கையாலதான் அடிக்கிறோம். அடிக்கிறது ஒருத்தர், மெஷின் சீட்டை வச்சுச் சரிபார்க்கிறது இன்னொருத்தர். ஸ்மியர் மேடம், நீங்க சொன்ன பிளேட்லெட் விதியும் எல்டிஎல் விதியும் போட்டாச்சு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன செவ்வாய் மெஷின்ல போர்டு போயிருச்சு. இன்ஜினியர் வந்து மாத்திட்டு, கன்ட்ரோல் (அளவு தெரிஞ்ச சாம்பிள்) ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிட்டுப் போனார். அவர் போனதும் காலையில வந்த பதினாலு சிபிசியில ஒண்ணுலகூட பிளேட்லெட் ஏறலை. ஹீமோகுளோபின் வருது, டபிள்யூபிசி வருது, பிளேட்லெட் இடம் காலி. வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. நான் மாப்பிள்ளையைப் போன்ல கன்னாபின்னான்னு பேசிட்டேன். வழிப்போக்கன் அண்ணன் சொன்னது நடந்துருச்சேன்னு நினைச்சேன்.

அவன் வீட்டுல இருந்தே சர்வர் பதிவைப் பார்த்துட்டு, "மாமா, மெஷின் திரையில பிளேட்லெட் பக்கத்துல என்ன அலகுன்னு படிங்க"ன்னான். படிச்சேன். பத்தாயிரத்துல இருந்துச்சு. புது போர்டு வேற நாட்டு அமைப்போட வந்திருக்கு. 180ன்னு வரவேண்டியது 18ன்னு வந்திருக்கு. பழைய மாதிரி நூறால வகுத்திருந்தா 1.8 லட்சம் ஆளுக்கு 0.18 லட்சம்னு ரிப்போர்ட் போயிருக்கும். அந்த அஞ்சாவது கட்டத்து அலகுச் சோதனைதான் நிறுத்தி வச்சிருந்தது. அலகை மாத்தினதும் பதினாலையும் திரும்ப ஓட்டினோம்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் பிரியாணி.

---

வழிப்போக்கன்77 | சனி, இரவு 9:52

பிரியாணியை நான் வாங்கித் தர்றேன்யா. ஆனா அந்தச் சோதனையை எழுதினது நீங்க, செனைட் இல்லை. அதையும் சேர்த்து எழுதி வெளியிடுங்க, அடுத்த லேப்காரன் கண்டுபிடிக்கட்டும்.

---

லேப்காரன் | சனி, இரவு 10:03

மாப்பிள்ளை ஏத்தறேன்னு சொல்லியிருக்கான், பரீட்சை முடியட்டும்.

மேடம், இன்னொரு சந்தேகம். பிளட் குரூப் இன்னும் டைல்ல பார்த்து நோட்டுல எழுதி, அதைப் பார்த்துத்தான் அடிக்கிறோம். அதுக்கு எந்த மெஷினும் கிடையாது. என்ன பண்ணலாம்?

---

டாக்டர்_ஸ்மியர் | ஞாயிறு, காலை 6:40

நோட்டைப் பார்த்து அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் செல் குரூப்பிங் (ரத்த அணுவை வைத்து) பார்க்கட்டும், இன்னொருவர் அதே டியூபில் சீரம் குரூப்பிங் (ரத்த நீரை வைத்து) பார்க்கட்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு கட்டங்களில் தனித்தனியே ஏற்றட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அச்சு வராதபடி உங்கள் மருமகனிடம் எழுதச் சொல்லுங்கள். சீரம் குரூப்பிங்குக்குக் குரூப் தெரிந்த ஏ செல், பி செல் தினமும் புதிதாகத் தயாரிக்கிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.